பூட்டிய வீட்டில் வாய்ப்பாடு

கணக்கு வராத குற்றத்துக்காக மூர்த்தியின் இடது காது போனபோது அவனுக்குப் பதினாலு வயது. கரும்பலகைக்கு முன்னால் வகுத்தல் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றவனை வாத்தியார் ஓர் அறை அறைந்தார். காதுக்குள்ளிருந்து ரத்தம் வடிந்து சட்டைக் காலரை நனைத்தது. கடப்பாக்கம் குப்பத்திலிருந்து பெரிய பள்ளிக்கூடம் போன ஒரே பையன் அவன். வீட்டில் தெரிந்தால், படிச்சது போதும், கட்டுமரம் ஏறு என்று அப்பன் நிறுத்திவிடுவான். அதனால் கழிமுகத்துத் தண்ணீரில் சட்டையை அலசி, காயவைத்து, மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கடல் தண்ணி காதில் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் மட்டும் ஃபெயில். மறுபடி எழுதினான், மறுபடியும் போயிற்று. கடைசியில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. ரயில் தடம் மாறுவதற்கு இரும்புக் கம்பியைத் தள்ளிவிட்டுக் கொடி காட்டுகிற வேலை. அந்த வாத்தியாரை அவன் ஒருநாளும் திட்டியதில்லை. மனைவி தனக்கோடியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு, "இன்னும் நாலு அறை வுட்டிருந்தார்னா நான் பாஸாயிருப்பேன்" என்பான். குடித்துவிட்டு உளறுவதில்லை. அவன் குடிக்கவே மாட்டான். நல்ல தெளிவோடுதான் சொல்வான்.

தனக்கோடியும் அந்தக் கடற்கரைக்காரிதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள். செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடையில் விற்றுவிட்டு, மதியத்துக்குள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிவிடுவாள். அவர்களுக்கு ஒரே பெண், செல்லி.

செல்லிக்கு நாலு வயது முடியும் முன்னே, ஒரு மதியம் அவள் புளியங்கொட்டைகளை அடுப்படித் தரையில் வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தனக்கோடி மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆறு நல்லா நிக்குது. ரெண்டு வரிசையாவும் நிக்குது, மூணு வரிசையாவும் நிக்குது. ஏழு நிக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"எப்பிடி வெச்சாலும் ஒண்ணு வெளிய வந்துடுது. முரண்டு பண்ணுது."

"அப்ப எட்டு?"

"எட்டு நல்ல புள்ள."

இது என்ன கணக்கு, இதற்கு ஏதாவது பெயர் உண்டா என்பதெல்லாம் தனக்கோடிக்குத் தெரியாது. குழந்தையின் முகம் அப்படி மலர்ந்திருந்ததால் விளையாட்டைத் தொடர்ந்தாள். சமைக்கும்போதும் தலை பின்னும்போதும் ஏதாவது ஓர் எண்ணைச் சும்மா தூக்கிப் போடுவாள். "இருவத்தி மூணு?" என்பாள். செல்லி கண்ணை மூடிக்கொள்வாள். உதடு மட்டும் அசையும். "முரண்டு." "இருவத்தஞ்சு?" "அது முரண்டு மாதிரி மூஞ்சிய வெச்சுக்கும். ஆனா அஞ்சு அஞ்சா நின்னுடும்." தனக்கோடி நிஜமாகவே கொட்டையை அடுக்கிப் பார்ப்பாள். பாதியில் குழம்பிப் போவாள். அம்மா குழம்புவதைப் பார்த்துக் குழந்தை தரையில் உருண்டு சிரிக்கும்.

மூர்த்திக்கு இது தெரியவந்தது ஒரு சாயங்காலம். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நின்றிருந்தான். கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போயிற்று.

"நாப்பத்தேழு பொட்டி, நைனா. முரண்டு."

அவனும் எண்ணியிருந்தான். நாற்பத்தேழுதான். விளையாட்டாக, "இதே மாதிரி இன்னொண்ணு வந்தா?" என்று கேட்டான். அவன் மனசுக்குள் கூட்டி முடிப்பதற்குள், "தொண்ணூத்தி நாலு" என்றாள். மூன்று வண்டி வந்தால்? அதற்கும் சொன்னாள். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு அவன் தண்டவாளத்துச் சரளைக்கல் மேல் உட்கார்ந்துகொண்டான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

அடுத்த சில மாதங்கள் அந்த வீட்டில் சந்தோஷம்தான். சிலேட்டு வந்தது, பெரிய வாய்ப்பாட்டுப் புத்தகம் வந்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எல்லோர் முன்னாலும் கணக்குப் போடச் சொல்வான். பக்கத்து வீட்டு மேரி பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தாள். அவள் புருஷன் தேவசகாயமும் ரயில்வேதான். "மச்சான், உம் பொண்ணு கலெக்டராவும் பாரு" என்று மூர்த்தியின் முதுகில் தட்டினான்.

முதல் அடி பதினாறாம் வாய்ப்பாட்டில் விழுந்தது. பதினாறு ஏழு என்ன என்று கேட்டால் செல்லி, பத்து ஏழையும் ஆறு ஏழையும் தனித்தனியாக வைத்துச் சேர்த்துப் பார்த்து விடை சொன்னாள். விடை சரிதான். ஆனால் மூர்த்திக்கு வரிசையாக, மனப்பாடமாக, நிறுத்தாமல் வர வேண்டும். அவனுடைய வாத்தியார் அப்படித்தான் கேட்பார். மர ஸ்கேல் குழந்தையின் முழங்காலுக்குக் கீழே சுரீர் என்று இறங்கியது. குழந்தைக்கு வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. "சரியாத்தானே சொன்னேன், நைனா?" என்றாள். அதற்கு இன்னொன்று விழுந்தது. முரண்டு என்ற பேச்சே வீட்டில் வரக்கூடாது என்றான். "அப்பிடி ஒரு கணக்கு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல. கண்டதையும் சொல்லிக் குடுத்து நீதான் கெடுக்குற" என்று தனக்கோடியைப் பார்த்துக் கத்தினான்.

அப்படியும் அது எப்போதாவது விழுகிற அடியாகவே இருந்தது. அவன் டியூட்டிக்குப் போய்விட்டால் அம்மாவும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டு புளியங்கொட்டையை எடுத்துவிடுவார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம் ரயில்வே ஸ்ட்ரைக் தொடங்கியது. வேலைக்கு வராதவர்களைப் போலீஸ் வீடு தேடி வந்து பிடித்துக்கொண்டு போனது. குவார்ட்டர்ஸில் பலர் ஊரை விட்டு ஓடினார்கள். ஓட இடமில்லாதவர்கள் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆண்கள் உள்ளே இருந்துகொள்ள, பெண்கள் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். போலீஸ் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று தடியால் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும். மூர்த்தி அப்படித்தான் ஒளிந்தான். அடுத்த கதவில் தேவசகாயமும் அப்படித்தான்.

செல்லியையும் உள்ளேதான் வைத்துப் பூட்டினார்கள். வெளியே விட்டால், எங்க நைனா வூட்லதான் கீது என்று யாரிடமாவது சொல்லிவிடும்.

கத்திரி வெயில். ஜன்னலெல்லாம் அடைத்த ஒற்றை அறை. காலையிலிருந்து மதியம் வரை தகப்பனும் மகளும் மட்டும். வேலை போய்விடும் என்ற பேச்சு வெளியே அடிபட்டுக்கொண்டிருந்தது. மூர்த்தி தூங்கவில்லை, தாடி வளர்ந்துவிட்டது. "வேல போனா போவட்டும். இவ கீறா. மெட்ராஸுக்கு இட்டுனு போயி பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி நிறுத்துறேன் பாரு" என்று இருட்டில் பேசிக்கொண்டிருப்பான். அந்த அறையில் அவனுக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. தனக்கோடி பூட்டிவிட்டுப் போனதும் வாய்ப்பாடு தொடங்கும். தடுமாறினால் அடி. வேகம் குறைந்தால் அடி. ஸ்கேல் உடைந்ததும் பச்சைக் கொடி சுற்றியிருந்த கம்பை உருவி எடுத்துக்கொண்டான்.

அடிப்பதற்கு முன்னால் குழந்தையின் வாயில் துண்டைத் திணித்துவிடுவான். "அழுதா போலீஸ் கேக்கும். நைனாவ இழுத்துனு போயி கொன்னுடும். உனக்கு நைனா வேணுமா வேணாமா?" என்பான். குழந்தை வேண்டும் என்று தலையாட்டும்.

பிள்ளை முதுகைத் தொடவிடாததைத் தனக்கோடி முதலில் வியர்க்குரு என்று நினைத்தாள். பிள்ளை படுக்கும்போது குப்புறவே படுப்பதைப் பார்த்தாள். கேட்டதற்கு, இருட்டில் விழுந்துவிட்டாள் என்று மூர்த்தி சொன்னான். அன்று சாயங்காலம் குழந்தையைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய் கவுனைக் கழற்றினாள். முதுகிலிருந்து தொடை வரை கோடுகள். பழசின் மேல் புதுசு, கறுப்பின் மேல் சிவப்பு. சில இடங்களில் தோல் கிழிந்து துணியோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றியபோது செல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. துண்டு இல்லாமலேயே சத்தம் போடாமலிருக்கப் பழகியிருந்தாள்.

"எத்தினி நாளா அடிக்குதுடி?"

செல்லி ரகசியம் பேசுகிற மாதிரி அம்மாவின் காதருகே வந்தாள்.

"அம்மா, நைனா அடிக்கறத முரண்டுலதான் நிறுத்துது. ஒரு நாளு ஏழுல நிறுத்துச்சு. அப்பறம் ஒரு நாளு பதிமூணுல நிறுத்துச்சு. இன்னிக்கி ஒம்போதுல நிறுத்திடுச்சு."

தனக்கோடி சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஒம்போது முரண்டு இல்லியே, மூணு மூணா நின்னுடுமே, தப்பா நிறுத்திட்டியே நைனான்னு துண்ட எடுத்ததும் சொன்னேன். இன்னும் ரெண்டு போட்டுச்சு. அப்ப பதினொண்ணு ஆயிடுச்சு. சரியாயிடுச்சு."

தானும் சேர்ந்து ஆடிய விளையாட்டை வைத்துக்கொண்டுதான் இந்தக் குழந்தை அந்த அறைக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. அதே விளையாட்டால் இரண்டு அடி கூடுதலாகவும் வாங்கியிருக்கிறது. தனக்கோடி கிணற்றடிக் கல்லின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் போனதும் அவள் மூர்த்தியின் சட்டையைப் பிடித்தாள். "இனிமே அவ மேல கை வெச்சே, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். அவன் அவள் வாயைப் பொத்திச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மற்றக் கையால் கன்னத்தில் அறைந்தான். அவள் கீழே விழுந்தபோது அரிவாள்மணை உள்ளங்கையைக் கீறிவிட்டது. அவன் குனிந்து, அடிக்குரலில் பேசினான். "கத்து. நல்லா கத்து. போலீஸ் வரும், என்ன இட்டுனு போவும். நாளைக்கி நாம மூணு பேரும் தெருவுல நிப்போம். உனக்கு அதானே வேணும்?"

அவள் கத்தவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாள்.

காலையில் செல்லியை வெளியே விட மூர்த்தி சம்மதிக்கவில்லை; அவள் வழக்கம்போலக் கதவைப் பூட்டினாள். மேரியும் அதே நேரத்தில் தன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். தனக்கோடி குவார்ட்டர்ஸின் முனை வரை நடந்தாள். அங்கே வேப்ப மரத்தடியில் போலீஸ் வேன் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சொல்லவும் மனமில்லாமல், மீன் எடுக்கப் போகவும் மனமில்லாமல், காலிக் கூடையை மரத்தடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பியபோது உள்ளே சட்டென்று எல்லாம் அடங்கிப்போனது.

கதவைத் திறந்தாள். அம்மிக்கல்லின் மேல் செல்லியின் இடது கை விரித்து வைக்கப்பட்டிருந்தது. மணிக்கட்டை மூர்த்தி முட்டியால் அழுத்தியிருந்தான். குழந்தையின் வாயில் துண்டு. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் வரக்கூடாத பக்கமாக வளைந்திருந்தன. குழந்தையின் கண்கள் மேலே செருகிக்கொண்டிருந்தன.

"பதினேழாம் வாய்ப்பாடு. நாலாவது தடவ தப்பு" என்றான் மூர்த்தி. விளக்கம் சொல்கிற தொனியில் சொன்னான்.

அடுப்பருகே இரும்பு ஊதுகுழல் கிடந்தது. அவள் அதை எடுத்து அவன் கொடிக்கம்பு பிடித்த கையில் அடித்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. கம்பு விழுந்தது. அடுத்தது தோளில். மூன்றாவது அடி நெற்றியில் பட்டு, புருவத்துக்கு மேல் பிளந்து, ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் தடுமாறி எழுந்து அவள் தலைமுடியைப் பிடித்தான். சுவரில் அவள் தலையை ஒரு தரம் மோதினான், இன்னொரு தரம் மோதினான். இரண்டு பேரும் உருண்டார்கள். பானை உடைந்தது. அவன் அவள் கழுத்தின் மேல் முழங்கையை வைத்து அழுத்தினான். அவள் அவன் புண்பட்ட கையைத் தேடிப் பிடித்துத் திருகினாள். இவ்வளவுக்கும் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சுதான் இரைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தேவசகாயத்துக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவனும் பூட்டிய வீட்டுக்குள்தான் இருந்தான். அவனால் என்ன செய்ய முடியும்?

மூச்சு நின்றுபோகிற நேரத்தில் தனக்கோடி தலையைத் திருப்பினாள். செல்லி வாயிலிருந்து துண்டை எடுக்காமலேயே, வளைந்த விரல்களை மார்போடு அணைத்துக்கொண்டு, மூலையில் ஒட்டி நின்றிருந்தாள். வெளிக்கதவு திறந்தே கிடந்தது. ஆனாலும் துண்டை எடுக்கவில்லை. நைனா எடுக்கச் சொல்லவில்லையே.

அதைப் பார்த்ததும் எங்கிருந்தோ பலம் வந்தது. காலால் அவனை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, தவழ்ந்து, வாசல்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வேன் நின்ற பக்கம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"இங்க கீறான்! உள்ளதான் கீறான்! வந்து இட்டுனு போங்க!"

போலீஸ் ஓடி வந்தது. ரத்தம் வழிய நின்ற மூர்த்தியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவன் திமிறவில்லை. தனக்கோடியையே பார்த்துக்கொண்டு போனான். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது அதோடு அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த கதவின் பூட்டை உடைத்தார்கள். அதற்கடுத்த கதவையும் உடைத்தார்கள். தேவசகாயம் கொல்லைப் பக்கம் குதித்து ஓடப் பார்த்தான். சுவரேறும்போது விழுந்து முழங்கால் உடைந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

குடத்தோடு ஓடி வந்த மேரி, தனக்கோடியின் முகத்தில் காறித் துப்பினாள்.

"எல்லாம் எனக்கும் கேட்டுச்சுடி. உம் பொண்ணு அடி வாங்குனது எனக்கும் தெரியும். அதுக்கு? ஊரையே காட்டிக் குடுப்பியா? எம் புருஷன் உனக்கு இன்னாடி பண்ணான்?"

தனக்கோடி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் விரல்களுக்குக் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்து நேராக மதுராந்தகம் போய், பஸ் மாறி, பொழுது சாய்வதற்குள் கடப்பாக்கம் போய்ச் சேர்ந்தாள். அம்மா வீடு என்று அவளுக்கு யாரும் இல்லை. போன இடம் மூர்த்தியின் அண்ணன் மாரியின் வீடு.

மாரி அப்போதுதான் கடலிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருந்தான். கடலில் இரண்டு ஆள் வேலையை ஒற்றையாளாகச் செய்கிறவன், வாய்ப்பேச்சு குறைவு. தனக்கோடி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தம்பியைப் போலீஸில் காட்டிக்கொடுத்தேன் என்று அவள் வாயால் கேட்டதும் அவன் கை நீண்டுவிட்டது. கன்னத்தில் விழுந்த அறையில் அவள் வலை மேலேயே சரிந்தாள்.

"கட்டுனவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு எங்கிட்டயே வந்து சோறு கேக்குறியா?"

"சோறு கேக்க வரல, மாமா. உங்க தம்பி பொண்ணு இது. பாத்துட்டு அப்பறம் அடிங்க."

மாரியின் பெண்டாட்டி ஆதியம்மாள் வந்து, குழந்தையின் கவுனைத் தூக்கி முதுகைப் புருஷன் பக்கம் திருப்பினாள். மாரி பார்த்தான். அப்புறம் குனிந்து, அறை வாங்கிய தனக்கோடியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "உள்ள இட்டுனு போ" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, இருட்டும் வரை தண்ணீர் ஓரத்திலேயே நின்றிருந்தான்.

ஸ்ட்ரைக் முடிந்தது. ஜெயிலில் இருந்தவர்களை விட்டுவிட்டார்கள். மூர்த்தி நேராகக் கடப்பாக்கத்துக்குத்தான் வந்தான். புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு. வலது மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை. ஆலம்பரைக் கோட்டை இடிபாட்டுப் பக்கம், பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மணலில் செல்லி உட்கார்ந்திருந்தாள். அவன் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் போய் அவள் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"வா. பள்ளிக்கூடத்துல சேக்கப்போறேன். நைனா இனிமே—"

அவன் சொல்லி முடிக்கவில்லை. குழந்தை அவன் கையில் வாயை வைத்துக் கடித்தது. பயந்த பிள்ளை கடிப்பது போல அல்ல, நாய் கவ்வுவது போல. அவன் உதறினான், அது விடவில்லை. தனக்கோடி ஓடி வந்து தாடையைப் பிடித்து விடுவிக்க வேண்டியிருந்தது. செல்லியின் உதட்டிலும் மோவாயிலும் தகப்பனின் ரத்தம் வழிந்தது.

கட்டுமரத்தின் பக்கத்திலிருந்து மாரி துடுப்போடு வந்தான். வந்த வேகத்திலேயே தம்பியின் முதுகில் அடித்தான். மூர்த்தி முகம் குப்புற மணலில் விழுந்தான். விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று. மூர்த்தி கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. நாலைந்து ஆண்கள் ஓடி வந்தார்கள், ஆனால் மாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றார்கள்.

"புள்ளையாடா அது? மீனாடா, கல்லுல போட்டு அடிக்க?"

"நல்லதுக்குத்தான் அடிச்சேன், அண்ணா" என்றான் மூர்த்தி, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே. "எனக்குக் கணக்கு வரலன்னு வாத்தியார் அறஞ்சாரு. இந்தக் காது அன்னிக்கிப் போச்சு. அவளுக்கு வருது, அண்ணா. எனக்கு வராதது அவளுக்கு வருது. அத வுட்டுடுவேனா நான்?"

மேலே போன துடுப்பு அப்படியே நின்றது.

"வாத்தியார் அறஞ்சாரா?"

"ஆமா."

"கடல் தண்ணி பூந்துச்சுன்னு சொன்னியேடா."

மாரி துடுப்பைத் தூர எறிந்தான். "எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தாளு கைய அன்னிக்கே ஒடச்சிருப்பேனேடா" என்று கத்தினான். அப்புறம் மண்டியிட்டு, தன் அடி பட்டுக் கிடந்த தம்பியின் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் எல்லாம் பார்க்கப் பார்க்க ஓவென்று அழுதான்.

தனக்கோடி அழவில்லை. மகளின் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பிறகு மூர்த்தியின் அருகே போய் நின்று சொன்னாள். "நீ பட்டது எனக்குத் தெரியும். அதுக்காவ அவளத் தர மாட்டேன். பாக்கணும்னா இங்க வந்து பாரு, வேணாங்கல. தின்னறதுக்கு ஏதாவது வாங்கியா. கணக்கு மட்டும் வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா அந்த ஊதுகுழல் எல்லாம் பத்தாது, மீன் வெட்டுற கத்தியோட வருவேன்."

மூர்த்திக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தேவசகாயத்துக்குக் கிடைக்கவில்லை, நொண்டிக் காலோடு வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிட்டார்கள். தனக்கோடி ஒரு தரம் செங்கல்பட்டுக்குப் போய் மேரியின் கதவைத் தட்டினாள். மேரி திறந்தாள், யாரென்று பார்த்தாள், சாத்திக்கொண்டாள். உள்ளே தேவசகாயம், "யாரு?" என்று கேட்பதும், "யாரும் இல்ல" என்று அவள் சொல்வதும் கேட்டது. தனக்கோடி கொண்டுபோன கருவாட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். அதை அவர்கள் எடுத்தார்களா, நாய்க்குப் போட்டார்களா, அவளுக்குத் தெரியாது.

மூர்த்தி மாதத்தில் ஒரு நாள் வருவான். பொரி உருண்டை வாங்கி வருவான். செல்லி ஆதியம்மாளின் முந்தானைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், கிட்டே போகமாட்டாள். அவன் உருண்டையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மணலில் தள்ளி உட்கார்ந்துகொள்வான். அவன் பஸ் ஏறிப் போன பிறகுதான் அவள் போய் எடுப்பாள். கட்டுப் பிரித்த பிறகும் சுண்டுவிரல் நேராகவில்லை.

கணக்கு அவள் வாயிலிருந்து வருவது நின்றுபோயிருந்தது. மீனை எண்ணச் சொன்னால்கூட, "நெறைய கீது" என்பாள். தனக்கோடியும் கேட்பதில்லை. அவளுக்கே பயம். தான் ஓர் எண்ணைச் சொன்னால் குழந்தையின் முதுகில் ஏதாவது வந்து விழுந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். யாராவது விளையாட்டுக்கு, "ஏழும் எட்டும் எவ்ளோடி?" என்று கேட்டால் தனக்கோடி எழுந்து சண்டைக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷத்து மழை முடிந்து, கடல் தெளிந்த ஒரு காலையில் மாரிக்குப் பெரிய வஞ்சிரம் ஒன்று பட்டிருந்தது. அதை வெட்டித் தரச் சொல்லி ஒருவர் காத்திருந்தார். தனக்கோடி நடுவில் வெட்டினாள். ஒரு பாதியை எடுத்து அதை மறுபடி பாதியாக்கினாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த செல்லி கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இத இன்னும் பாதி வெட்டலாமா?"

"வெட்டலாம்."

"அந்தப் பாதிய?"

"அதையும் வெட்டலாம்."

"அதுல பாதிய?" குழந்தையின் உதடு அசைய ஆரம்பித்தது. "அம்மா, பாதி பாதியா வெட்டிக்கினே போனா, மீனு எப்பதான் தீரும்?"

தனக்கோடி கத்தியைப் பலகை மேல் வைத்தாள். காத்திருந்தவர், "இன்னாம்மா, நேரமாவுது" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மகளுக்கு எதிரே அவளைப் போலவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தெரியலியேடி" என்றாள். "நீ இன்னா நெனைக்கிற?"

செல்லி வளையாத விரல் ஒன்றால் ஈர மணலில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் நடுவைத் தேட ஆரம்பித்தாள்.